ஒரு வருடம் ஓட்டலாம்தானே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, திருவொற்றியூரிலிருந்து நாட்டிங்ஹாம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, இந்திய உரிமத்தை வைத்தே ஒரு வருடம் கார் ஓட்டலாம் என்கிறார்கள், அதற்குள் அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டுமா, எந்தக் கார் வாங்கலாம், காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும், கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில், தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஹாரன் ஓய்வதாக இல்லை. காரையும் காப்பீட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு வருடக் கணக்கை நம்பித்தான் நம்மவர்கள் பலர் கவிழ்ந்திருக்கிறார்கள்.

ஒரு வருடம் என்பது உண்மைதான். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஸ்காட்லாந்திலோ நீங்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை, செல்லுபடியாகும் இந்திய உரிமத்தைக் கொண்டு காரை ஓட்டலாம். அது முடிந்த மறுநாள் உங்கள் இந்திய உரிமம் அந்நாட்டில் வெறும் அட்டை. இடையில் ஊருக்கு வந்து திரும்பினால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்று யாராவது சொல்வார்கள், தொடங்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்றை இங்கிருந்து எடுத்துப் போனால் நீட்டிக்கலாம் என்பார்கள், நீளாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள் குடியேறிய ஐந்து வருடத்துக்குள் அதைக் கொடுத்துவிட்டுப் பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம், 2021 முதல் அப்படி ஒரு வசதி இருக்கிறது. அதனால் துபாயிலிருந்து வந்த நம் மண்ணடிக்காரர்கள் எவ்விதத் தேர்வும் இல்லாமல் ஓட்டுவதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அவர்களும் நாமும் ஒரே கடற்கரையில் வளர்ந்தவர்கள், அவர்கள் வழியில் துபாயில் இறங்கினார்கள் என்பதற்காக இப்படி ஒரு வேறுபாடு என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விஷயம், ஆனால் சட்டம் அதுதான்.

ஆகவே நீங்கள் புரொவிஷனல் உரிமம் (நம்மூர் எல்.எல்.ஆர். போலக் கற்பவருக்கான உரிமம்) எடுத்து, தியரி எழுதி, பிராக்டிகல் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். இதற்கு ஒரு வருடம் தாராளம் என்று தோன்றும். தோன்றுவதுதான் சிக்கல். அந்நாட்டில் குறைந்தது 185 நாள் வசிக்க அனுமதி இருப்பவர் புரொவிஷனலுக்கு விண்ணப்பிக்கலாம். இணையத்தில் 34 பவுண்ட், தபாலில் 43 பவுண்ட். அது கையில் வந்த பிறகே தியரிக்கு நாள் குறிக்க முடியும், தியரியில் தேறிய பிறகே பிராக்டிகலுக்கு நாள் குறிக்க முடியும், அந்த நாளோ பல மையங்களில் மாதக்கணக்கில் தள்ளித்தான் கிடைக்கிறது. ஒரு முறை தவறினால் பத்து வேலை நாள் கழித்தே மறுபடியும் ஓட்டிக் காட்ட முடியும், அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். பத்தாவது மாதத்தில் விழித்துக்கொண்டவருடைய நிலையை யோசித்துப் பாருங்கள். புரொவிஷனல் வாங்கிவிட்டால் உடனே எல் போர்டு மாட்ட வேண்டியிருக்குமோ என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. 12 மாதம் முடியும் வரை உங்கள் இந்திய உரிமம் செல்லும், முடிந்த பிறகுதான் எல் போர்டும், மூன்று வருடமாக உரிமம் வைத்திருக்கும் 21 வயதைக் கடந்த ஒருவர் பக்கத்தில் அமர்வதும் கட்டாயம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் போய் இறங்கியது 2010ஆம் ஆண்டின் குளிர்காலம். லெஸ்டர் நகருக்கு வெளியே ஒரு கிடங்கில் காலை ஆறு மணி ஷிப்ட், முதல் பேருந்து வருவதோ அதற்கும் பிறகு. நம் ஊர்க்காரர் ஒருவர் பெட்ரோல் காசு என்று வாரந்தோறும் வாங்கிக்கொண்டு நான்கு பேரைக் காரில் ஏற்றிப் போவார். ஒரு நிமிடம் தாமதித்தாலும் நிறுத்த மாட்டார், நடைபாதை இல்லாத சாலையோரத்தில் உறைபனியில் வழுக்கிக்கொண்டே நடந்துதான் போக வேண்டும். அவருடைய ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காவல்துறை நிறுத்தியது. தகுந்த உரிமம் இல்லாததால் காப்பீடும் செல்லாது, காப்பீடு செல்லாததால் வண்டியையே அங்கேயே எடுத்துப் போய்விட்டார்கள். குற்றத்துக்காக உரிமக் கணக்கில் பதியும் தண்டனைப் புள்ளிகள் ஆறும் அவர் பெயரில் ஏறின. நாங்கள் நால்வரும் மதிய உணவுப் பையுடன் நின்றோம். இப்போது அந்தக் குற்றத்துக்கு 300 பவுண்ட் அபராதமும் ஆறு புள்ளிகளும். நீதிமன்றம் போனால் அதற்கு மேலும் ஆகலாம்.

எங்கள் அறையில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருந்தார். ஆங்கிலம் சரளமாக வராது, ஆனால் வந்த வேகத்தில் புரொவிஷனலுக்கு எழுதிப் போட்டார். அக்காலத்தில் தியரித் தேர்வில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள்விகளைத் தமிழிலேயே கேட்கலாம். 2014 ஏப்ரலில் தமிழ் உட்பட எல்லா அயல்மொழிக் குரல்களையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது ஆங்கிலமும் வெல்ஷும் மட்டும்தான். அவர் தமிழில் கேட்டுத் தேறினார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சென்னைக்காரர்கள் ஆறு மாதம் விசாரித்துக்கொண்டே இருக்கும் ஒரு காரியத்தை ஈழத்து அண்ணன்மார் ஒரு வாரத்தில் செய்துவிட்டு வந்து நிற்பார்கள் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம், மறுப்பவர் மறுக்கலாம். தியரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும், பிறகு 14 காணொளித் துண்டுகளில் ஆபத்து உருவாகும் கணத்தைக் கண்டு சொடுக்க வேண்டும், அதில் 75க்கு 44. படித்தால் வந்துவிடும்.

பிராக்டிகல்தான் நம்மைக் கவிழ்ப்பது, அதிலும் நன்றாக ஓட்டத் தெரிந்த நம்மை. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான், ஆகவே நமக்குத் தெரிந்ததுதானே என்று மனம் சொல்லும். நான் பாரிமுனையிலிருந்து மணலி வரை ஒரு இரும்புக் கடைக்காக டாடா ஏஸ் ஓட்டியவன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு சந்தில் வண்டியைச் செருகி எடுக்கத் தெரியும். அந்தத் திறமையைக் கழற்றி வைப்பதற்குத்தான் நான் பயிற்சிக்குப் பணம் கொடுத்தேன். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வெள்ளைக்காரப் பெரியவர். முன்கண்ணாடியில் அவருக்கென்று சிறிய கண்ணாடி ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். அது சாலையைப் பார்ப்பதற்காக அன்று, என் விழிகளைப் பார்ப்பதற்காக. சிக்னல் போடும் முன் கண் நடுக்கண்ணாடிக்குப் போகிறதா, பக்கக் கண்ணாடிக்குப் போகிறதா, கிளம்பும் முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறேனா என்று ஒவ்வொன்றையும் அதில் பிடிப்பார். தேர்வாளர்களும் அதைத்தான் கவனிக்கிறார்கள். நம்மூரில் பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்துக்கொண்டு, பின்னால் வருபவன் ஹாரன் அடித்தால் தெரிந்துகொள்ளலாம் என்று ஓட்டியவர்களுக்கு இது பெரிய வித்தை.

ஹாரனை அங்கே அடிக்காதீர்கள். மற்றவர் உங்களைக் கவனிக்காமல் மோதும் ஆபத்து இருந்தால் மட்டும்தான். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்தும், குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரையிலும் அடிப்பது விதிமீறல். ஹெட்லைட் விஷயம் இன்னும் நுணுக்கமானது. எதிரே வருபவன் லைட் அடித்தால் மூலக்கடையில் அதற்குப் பொருள் நான் வருகிறேன், நீ நில் என்பது. லெஸ்டரில் பெரும்பாலும் நீ முதலில் போ என்ற மரியாதை. அவர்களுடைய விதிப்புத்தகமோ இரண்டையும் ஏற்காமல், நான் இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு மட்டுமே லைட் என்கிறது. எனவே யார் லைட் அடித்தாலும் உங்கள் கண்ணால் பார்த்து, வழி இருந்தால் மட்டும் நகருங்கள்.

ரவுண்டானாவில் வண்டியின் மூக்கை முதலில் நுழைத்தவருக்கே வழி என்பது நம்மூரின் எழுதாத சட்டம். அங்கே வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இதைக் கேட்டதும் நம்மவர்கள் அடுத்த எல்லைக்குப் போய், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை காலியாகும்வரை நின்றுவிடுகிறார்கள். இடம் கிடைத்தும் போகாமல் தயங்குவதும் அங்கே பிழைதான், மணிக்கு முப்பது மைல் வேக வரம்புள்ள சாலையில் காரணமின்றி இருபதில் ஊர்வதும் பிழைதான். சிறு பிழைகள் 15 வரை பொறுப்பார்கள், பெரும்பிழை ஒன்று வந்தாலே முடிந்தது. தொடக்கத்தில் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். படிக்க முடியாவிட்டால் வண்டியையே எடுக்க விட மாட்டார்கள், ஆகவே கண்ணாடி போடுபவராக இருந்தால் மறக்காமல் போட்டுக்கொண்டு போங்கள்.

பயிற்சிக்கு யாரிடம் போகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தகுதி பெற்ற பயிற்சியாளரின் முன்கண்ணாடியில் பச்சை அட்டை இருக்கும், பயிற்சிநிலையில் இருப்பவரிடம் இளஞ்சிவப்பு அட்டை. இரண்டும் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருவது குற்றம். நம் கடைத்தெருக்களில் பாதி விலைக்குச் சொல்லித்தருகிறேன் என்று தமிழிலேயே அன்பாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்களிடம் தமிழில் நலம் விசாரியுங்கள், பயிற்சிக்கு வேறு இடம் பாருங்கள். தேர்வு நாளை மொத்தமாகப் பிடித்து வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் உண்டு. அரசின் கட்டணம் வார நாளில் 62 பவுண்ட், மாலையிலும் வார இறுதியிலும் 75 பவுண்ட்.

தேறிய பிறகு ஒரு கண்டம் இருக்கிறது, அதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. முதல் இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகி, தியரியும் பிராக்டிகலும் மறுபடியும் எழுத வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் 200 பவுண்ட் அபராதம், ஆறு புள்ளிகள். அதாவது சிக்னலில் நின்றபடி அம்மாவின் அழைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். ஆகவே ஓட்டும் நேரத்தில் அழைக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

கியரா ஆட்டோமேட்டிக்கா என்றால், ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட முடியும், கியரில் தேறினால் இரண்டும். உங்களுக்கு ஏற்கெனவே கியர் பழக்கம் என்பதால் கியரிலேயே போங்கள். காப்பீட்டுத் தொகையை இப்போதே கேட்டு மனம் கலங்க வேண்டாம். இந்திய உரிமத்துக்கு ஒரு விலை சொல்வார்கள், அவர்கள் உரிமம் வந்த பிறகு பெரும்பாலும் வேறு விலை சொல்வார்கள். காரையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரமே புரொவிஷனலுக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அது வந்ததும் தியரிக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.