மொட்டு உதிரும் செவ்வரத்தை

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே திருகோணமலைப் பக்கத்து வாசகர்களுடையவை, எல்லாமே செவ்வரத்தை (செம்பருத்தி) பற்றியவை. கடலோர மணல், கிணற்றுச் சவர், நான்கு மாத மழை, பிறகு கச்சான் என்னும் காய்ந்த தென்மேற்குக் காற்று என்று இந்த மண்ணுக்கே உரிய சிக்கல்கள் இருப்பதால் பொதுவான தோட்டக் குறிப்புகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறோம்.

உப்புவெளி வாசகி: மூன்றரை அடி உயர இரட்டை இதழ்ச் செவ்வரத்தை. நிறைய மொட்டு வைக்கிறது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் விரிவதற்கு முந்தின நாளே மொட்டெல்லாம் கீழே கிடக்கிறது. பசளை போதாதா?

பசளையைத் தொடாதீர்கள், முதலில் மொட்டைப் பாருங்கள். காலையில் விழுந்து கிடக்கும் மொட்டுகளில் ஐந்தாறைப் பொறுக்கி எடுத்து, நகத்தால் நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளைப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. இதழ் ஓரங்கள் கருகி, மெல்லிய கோடு போன்ற பூச்சி ஓடினால் பேன்பூச்சி. உள்ளே இதழ்கள் சுத்தமாக, நிறம் ஏறி, நாளைக்கு விரியத் தயாராக இருந்தால் குறை தண்ணீரில்தான்.

செவ்வரத்தைப் பூவின் காம்பில் மேற்பக்கமாக ஒரு மூட்டு இருக்கிறது. வேர் இழுக்கும் தண்ணீரைவிட இலை விடும் ஆவி அதிகமாகிவிட்டால் செடி தன்னைக் காப்பாற்ற அந்த மூட்டைக் கழற்றிவிடும். உங்கள் மொட்டும் அந்த இடத்தில்தான் துப்பரவாக முறிந்திருக்கும். கச்சான் காலத்தில் காய்ந்த காற்று பகல் முழுக்க வீசுகிறது, மணலோ விட்ட தண்ணீரைப் பிடித்துவைப்பதில்லை. இரட்டை இதழ் இனங்களின் மொட்டு பெரிதாகவும் பாரமாகவும் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீரும் கூடத் தேவை, உதிர்வதிலும் அவைதான் முந்தும்.

மணலில் நிற்கும் இந்த அளவுச் செடிக்குக் கச்சான் காலத்தில் நாளொன்றுக்கு 10 லீற்றர் விடுங்கள். ஒரே தடவையில் ஊற்றாமல் காலை 5, மாலை 5 என்று பிரித்து, அடித்தண்டில் அல்லாமல் கொப்புகளின் நுனிக்கு நேர் கீழே வட்டமாக விடவேண்டும். ஒரு நாள் மறந்து மறுநாள் இரு மடங்கு ஊற்றுவதுதான் மொட்டுக்கு மிகப் பெரிய கேடு. குறைவாக விட்டாலும் ஒழுங்காக விடுகிற வீட்டில் செடி அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். அடியைச் சுற்றி 3 அங்குலத் தடிப்பில் காய்ந்த இலையோ தும்போ பரப்பி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். காற்று வரும் பக்கம் ஒரு கிடுகைத் தட்டியாகக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

புழு இருந்தால், விழுந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கிப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். அந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் ஈயாக மாறுகிறது. மொட்டை நிலத்தில் கிடக்கவிட்டால் அடுத்த தலைமுறையை நீங்களே வளர்த்துக் கொடுத்ததாகும். யூரியா மட்டும் வேண்டாம். இலை தளதளவென்று வரும், பூ வராது, பூச்சியும் தேடி வரும்.

நிலாவெளி வாசகர்: இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. சாம்பல் நல்லது என்று சொல்லி மாதமாதம் போட்டேன், மஞ்சள் கூடிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர்.

சாம்பலை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் வளவு மணலைக் கையில் அள்ளிப் பார்த்தால் நொறுங்கிய சிப்பித் துகள்கள் தெரியும். சிப்பி என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்கமுடியாதபடி அது பூட்டிக்கொள்ளும். சாம்பலும் காரம்தான், ஆகவே அது பூட்டின் மேல் பூட்டுப் போட்டிருக்கிறது. இளம் இலையில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள் என்பது இரும்புக் குறைபாட்டின் கையெழுத்து. அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒன்றிரண்டு முழுதாக மஞ்சளாகி விழுவது வேறு, அதற்குக் கவலை வேண்டாம்.

உடனடித் தீர்வு இலைவழிதான். 1 லீற்றர் மழைத் தண்ணீரில் 3 கிராம் பெரசு சல்பேற்று என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். கரைசல் பழுப்பாக மாறுமுன் தெளித்து முடிக்கவேண்டும். 10 நாள் இடைவெளியில் மூன்று தடவை போதும். புதிதாக வரும் இலை பச்சையாக வருகிறதா என்று பாருங்கள், பழைய இலை முழுதாகத் தேறாது. மண்ணில் அதே உப்பைக் கொட்டினால் சில நாட்களில் அதுவும் பூட்டப்பட்டுவிடும். நிலைத்த மருந்து கூட்டெருதான். ஆண்டுக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு வாளி, மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள்.

இனிச் சவர். இலையின் ஓரமும் நுனியும் காய்ந்த கடதாசி போலப் பழுப்பாக மடிந்தால் உப்பு ஏறியிருக்கிறது. பூச்சாடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சாடியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுதும் வடியவிடுங்கள். மாதம் ஒரு தடவையாவது இப்படிக் கழுவவேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் தாழ்வாரத்துச் சாடிகளை வெளியே தூக்கி வையுங்கள். அதைவிடச் சிறந்த கழுவல் கிடையாது. சவர்த் தண்ணீர் விடுகிறவர்கள் எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு) பசளையையும் தவிர்க்கவேண்டும், அதில் பொட்டாசியத்தோடு குளோரைட்டும் வருகிறது. தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள், அதிலும் உப்பு உண்டு.

தம்பலகாமம் வாசகர்: மார்கழி மழையில் செடி வாடுகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. இன்னும் தண்ணீர் விடலாமா?

விடவே கூடாது. உங்கள் பக்கம் வயல்மண், களி. மழைநீர் நின்றுவிட்டால் மண்ணிடுக்கில் காற்று இல்லாமல் வேர் மூச்சுமுட்டும். மூச்சில்லாத வேர் தண்ணீர் இழுக்காது, செடி தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டே வாடும். அதைப் பார்த்து இன்னும் ஒரு வாளி ஊற்றித்தான் பலர் செடியை இழக்கிறார்கள்.

அடியிலிருந்து ஓர் அடி தள்ளி, 8 அங்குல ஆழத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு வேரைக் கிளறி எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறமாக, இறுக்கமாக இருந்தால் பிழைக்கும். கறுத்து, மேற்தோல் கையோடு வழுக்கி வந்து, கெட்ட மணம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் மேற்கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, நல்ல கொப்புகளிலிருந்து தடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கன்றை ஓர் அடி உயர மேட்டில் நடுங்கள். கிடங்கு 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணலும் மூன்றில் ஒரு பங்கு கூட்டெருவும் கலந்து நிரப்புங்கள்.

திருகோணமலை நகர வாசகி: குருத்து சுருண்டு கொத்தாகிவிட்டது, வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கிறது. எறும்பும் நிறைய.

மாவுப்பூச்சி. பஞ்சைத் தொட்டு நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு வரும் இனம் செவ்வரத்தையை மிக விரும்பும். அதன் எச்சில் பட்டதால்தான் குருத்து சுருள்கிறது, சுருண்ட குருத்து திரும்ப நிமிராது. அதை இரண்டு அங்குலம் கீழே சேர்த்து வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், வளவில் எறியவேண்டாம்.

பிறகு எறும்பைக் கவனியுங்கள். எறும்பு மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவைக் குடிக்கிறது, பதிலுக்கு அதைத் தின்னவரும் பொறிவண்டை விரட்டுகிறது. மதிலையோ பக்கத்து மரத்தையோ தொடும் கொப்புகளை வெட்டி, தண்டில் ஒரு துணிப் பட்டை சுற்றி அதன்மேல் கிறீஸ் தடவிவிட்டால் எறும்பின் பாதை அறும். மிச்சப் பூச்சியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, 1 லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் அரைத் தேக்கரண்டி திரவச் சவர்க்காரமும் கலந்து மாலையில் தெளியுங்கள். 6 நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை. நிறுத்தாமல் குலுக்குங்கள், எண்ணெய் மேலே மிதந்தால் கடைசியில் தெளிக்கும் கொப்பு கருகும்.

கடுமையான பூச்சிகொல்லி வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2008இல் இலங்கைக்குள் வந்து பப்பாசியையும் செவ்வரத்தையையும் சூறையாடிய பப்பாசி மாவுப்பூச்சியை அடக்கியது மருந்து அல்ல. விவசாயத் திணைக்களம் வருவித்து விட்ட, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அந்தக் குளவியும் உங்கள் மருந்தில் சாகும்.

கிண்ணியா வாசகி: தடி நட்டால் பத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது. என்ன பிழை?

அநேகமாகத் தடியைத் தெரிவுசெய்வதில் பிழை. பச்சைக் குருத்து அழுகும், சாம்பல் நிறத்தில் முற்றிய தடி வேர்விடச் சோம்பும். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் பருமனான இடமே சரி. 6 அங்குலத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, கூரிய கத்தியால் வெட்டுங்கள். பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மணலும் பிழிந்த தும்புச்சோறும் சமமாகக் கலந்த சாடியில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலால் மூடி நிழலில் வையுங்கள். பிளாஸ்ரிக்கில் நீர்த்துளி படிந்திருக்கும் வரை தண்ணீர் விடவேண்டாம். வேர்விட 4 முதல் 8 வாரம். இழுத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள், இளவேர் அதிலேயே அறுந்துவிடும். புதிய இலை இரண்டு வந்தால் வேர் வந்துவிட்டது. சாதாரணச் சிவப்பு இப்படி எளிதில் வரும். பெரிய நிறப் பூ இனங்கள் பல தடியில் தேறாது. அவற்றைச் சிவப்புச் செடியின் மேல் ஒட்டிய கன்றாக வாங்குவதே மேல்.

மூதூர் வாசகர்: எங்கள் செவ்வரத்தை பூக்கிறது, ஆனால் விரிவதே இல்லை. நோயா?

இல்லை. பூ கீழ்நோக்கித் தொங்கி, இதழ்கள் சுருட்டிய குடைபோல மூடியபடி, நடுத்தண்டு மட்டும் நுனியில் நீட்டிக்கொண்டிருந்தால் அது செவ்வரத்தையின் உறவுச்செடி. அதன் பூ அவ்வளவுதான் விரியும். தேன்சிட்டுகளுக்குப் பிடித்தது, வெட்டிவிடாதீர்கள்.

நகரத்திலிருந்து இன்னொரு வாசகி: மாலைப் பூசைக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பூக் கொண்டுபோக விரும்புகிறேன், அதற்குள் வாடிவிடுகிறது. நவராத்திரிக்கு நிறையப் பூக்க என்ன செய்யலாம்?

ஒற்றை இதழ்ச் சிவப்புக்கு ஒரு நாள்தான் ஆயுள், தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே கணக்கு. காலையில் முழுதாக விரிந்ததும், வெயில் ஏறுமுன் பறித்து, மூடிய பாத்திரத்தில் நெரிக்காமல் அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிரில் பூ மூடுவது தள்ளிப்போகும். கோயிலுக்குப் புறப்படும்போது எடுத்தால் காலைப் பூவாகவே இருக்கும்.

செவ்வரத்தை புதுக் கொப்பின் நுனியில்தான் பூக்கும், வெட்டிய கொப்பு மறுபடி பூக்க ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே புரட்டாதிப் பூவுக்கு ஆனிக் கடைசியில் கைவைக்கவேண்டும். அது கச்சான் காலம் என்பதால் ஆழமாக வெட்டாமல், ஒவ்வொரு கொப்பிலும் நுனி 3 அங்குலத்தை மட்டும், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேலே கத்தரியுங்கள். எல்லாக் கொப்பையும் ஒரே நாளில் வெட்டவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வீதம் பத்து நாள் இடைவெளியில் வெட்டினால் பூவும் ஒன்பது இரவுக்கும் முன்பின்னாகப் பரவி வரும். ஆழமான கத்தரிப்பை மழை ஓயும் மாசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது மண்ணில் ஈரமும் இருக்கும், வெயிலும் திரும்பியிருக்கும்.