பள்ளி முடித்ததும் விண்வெளிப் பொறியியல் படிக்க உதவித்தொகை கிடைக்குமா? எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி கேட்டவர் இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிறார். விண்வெளிப் பொறியியல் அல்லது விண்வெளி அறிவியல் படிக்க ஆசை, வீட்டில் பணம் கட்ட வழியில்லை என்கிறார்.

கிடைக்கும். ஆனால் பெரும்பாலோர் தேடுகிற இடத்தில் இருக்காது. நானும் உதவித்தொகையில்தான் இந்தத் துறையில் இளநிலை முடித்தேன். இப்போது பள்ளி முடித்து வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். தேடுபொறியில் 'விண்வெளி உதவித்தொகை' என்று அடித்து, வருகிற பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்குவதுதான் வழக்கம். அந்தப் பட்டியலில் கண்ணில் படுகிற பிரபலமான பெயர்கள் பலவும் பள்ளி முடித்தவருக்கு உரியவையே அல்ல.

சோன்டா என்ற பன்னாட்டுப் பெண்கள் அமைப்பு 1938 முதல் வழங்கும் அமீலியா ஏர்ஹார்ட் நிதி பெண்களுக்கானது, எந்த நாட்டவரும் கேட்கலாம். ஆனால் அது முனைவர் பட்ட ஆய்வுக்கு. அமெரிக்கா முதன்முதலில் மனிதரை விண்ணுக்கு அனுப்பிய மெர்குரி திட்டத்தின் விண்வெளி வீரர்கள் 1984-இல் தொடங்கிய அறக்கட்டளையின் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். அதற்கும் நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். ஆகவே எந்த அறிவிப்பைத் திறந்தாலும் தொகையைப் பார்க்கும் முன் மூன்று வரிகளைத் தேடுங்கள்: எந்த நிலைப் படிப்புக்கு, எந்த நாட்டுக் குடிமக்களுக்கு, நேரடி விண்ணப்பமா முன்மொழிவா. இந்த மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

குடியுரிமை விஷயம் இந்தத் துறையில் மற்ற துறைகளைவிடக் கடுமை. ராக்கெட்டும் ஏவுகணையும் அடிப்படையில் ஒரே தொழில்நுட்பம். அதனால் அமெரிக்கா இவற்றை ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறது. அங்குள்ள விண்வெளி நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கத் தயங்குவதற்கு இதுதான் பெரிய காரணம். நாசாவின் பயிற்சித் திட்டங்களும் பொதுவாகத் தன் நாட்டுக் குடிமக்களுக்குத்தான். உங்கள் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மனம் தளர வேண்டாம்.

அப்படியானால் பணம் எங்கே? பெயரில் 'விண்வெளி' இல்லாத பொது உதவித்தொகைகளில். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் திட்டத்தில் முதல் வருடம் ஜப்பானிய மொழி, அப்புறம் நான்கு வருடம் இளநிலை. உங்கள் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாகத் தேர்வு எழுத வேண்டும். துருக்கி அரசின் உதவித்தொகையில் இளநிலைக்கு வயது வரம்பு 21, விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அங்காராவிலும் இஸ்தான்புல்லிலும் இந்தத் துறைக்குப் பேர்போன பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தென்கொரியாவின் கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை தருகிறது. அங்கே சேரும்போதே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, பிறகு விண்வெளிப் பொறியியலுக்குப் போகலாம். கொரியாவின் முதல் செயற்கைக்கோள், 1992-இல் ஏவப்பட்டது, அந்த வளாகத்து ஆய்வு மையம் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கியது.

'ஜெர்மனியில் எல்லாம் இலவசம்' என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் படிப்புக்குப் பெயர்பெற்ற ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் இதைவிட அதிகமான கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டது.

சரி, இடம் தெரிந்துவிட்டது. பொது உதவித்தொகையில் உங்களோடு மருத்துவம் கேட்பவரும் பொருளாதாரம் கேட்பவரும் போட்டியிடுவார்கள். அங்கேதான் உங்கள் துறை உங்களுக்குக் கைகொடுக்கும், அதைச் சரியாகக் காட்டினால். என்னிடம் வரும் கட்டுரைகளில் கணிசமானவை 'சிறுவயது முதலே வானத்தைப் பார்த்து வியந்தேன்' என்றுதான் தொடங்குகின்றன. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

ஒரு மாணவியின் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. பேச்சுக்கொடுத்தபோது, ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் ஒரு சிறிய ராக்கெட்டை வடிவமைத்துப் பார்த்ததாகச் சொன்னார். கணிப்பில் அது ஏவியதும் தலைகுப்புறப் புரண்டது. காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையம் நிறை மையத்துக்கு முன்னால் வந்துவிட்டதுதான் காரணம். துடுப்புகளைப் பின்னே தள்ளி, மூக்குக் கூம்பில் எடையைக் கூட்டி, இரண்டு மையங்களுக்கும் இடையே ராக்கெட்டின் விட்டத்தைவிடச் சற்று அதிகமான இடைவெளி வரும்படி செய்தார். ராக்கெட் நேராகப் பறந்தது, ஆனால் எட்டிய உயரம் குறைந்துவிட்டது. அந்த இழப்பை ஏன் ஏற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதிய பத்திதான் அந்தக் கட்டுரையின் உயிர். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பெறுவதுதானே பொறியியல்! பதினேழு வயதில் ஒருவருக்கு அது புரிந்திருக்கிறது என்றால் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும்.

உங்களுக்கு அறிவியல் பக்கம்தான் நாட்டம் என்றால், கணினிகூட வேண்டாம். பர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் அல்கோல் என்ற விண்மீன் 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கித் திரும்பும். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுத் தேதியும் நேரமும் போட்டுக் குறித்து வாருங்கள். மேகம் மறைத்த இரவுகளையும் எழுதுங்கள். அந்த நோட்டே போதும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியதை நேரில் பார்த்த இயற்பியல் ஆசிரியர் போதும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே நீங்கள் செய்து பார்த்ததைப் பற்றிய குறிப்பைக் கையில் கொடுத்து, எதைப் பற்றி எழுதினால் நல்லது என்றும் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

தேதிகளில் ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் சேர்க்கைக்கான கெடு வேறு, உதவித்தொகைக்கான கெடு வேறு. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் போல இடங்கள் வரையறுக்கப்பட்ட படிப்புகளுக்கு ஜனவரி 15-க்குள் பதிந்தாக வேண்டும். பணம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் இடம் போய்விடும்.

இன்னொன்று. விண்வெளிப் பொறியியலுக்கு உதவி கிடைக்காமல் இயந்திரவியலுக்கோ மின்னணுவியலுக்கோ இயற்பியலுக்கோ கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். செயற்கைக்கோள் செய்யும் குழுக்களில் இவர்கள் எல்லோரும் வேண்டும். முதுநிலையில் துறை மாறலாம், அந்த நிலையில் 'விண்வெளி' என்று பெயர் போட்ட உதவித்தொகைகளும் கூடுதலாகவே கிடைக்கும். கையெழுத்துப் போடும் முன், ஆண்டுதோறும் எத்தனை மதிப்பெண் எடுத்தால் உதவி தொடரும் என்ற விதியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள்.