ஷயர்ப்ரூக்கில் யாருக்கு ஓட்டு இருக்கிறது?

ஐயா,

பிரிட்டனில் தொழிலாளர்கள் லேபர் கட்சியைக் கைவிட்டதற்குக் குடியேற்றம், கொடி, தேசப்பற்று போன்ற பண்பாட்டுச் சண்டைகளே காரணம் என்று நண்பர்கள் அடித்துப் பேசுகிறார்கள். கூலி, வேலை என்ற பேச்சு இனி எடுபடாதா?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சண்டை நேற்று முளைத்ததல்ல. குடியேற்றத்தை எதிர்த்த கன்சர்வேட்டிவ் எம்.பி. ஈனோக் பவலுக்காக லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் 1968 ஏப்ரலிலேயே ஊர்வலம் போனார்கள். அப்படியிருந்தும் தொழிலாளர்களில் பெரும்பாலோரைத் தொழிற்சங்கம் லேபரோடு கட்டி வைத்திருந்தது. 1979இல் சங்கங்களில் சுமார் 1.3 கோடிப் பேர் இருந்தார்கள். இன்று அதில் பாதிதான்.

இங்கிலாந்தின் டர்பிஷயரில் ஷயர்ப்ரூக் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பிறகு வந்தது விளையாட்டுப் பொருள் கிடங்கு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏஜென்சி ஆட்கள், பலர் போலந்து போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்து சோதனை வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது, ஒரு நிமிடம் தாமதித்தால் கால்மணி நேரக் கூலி வெட்டு என்பதெல்லாம் 2016 நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. அந்த ஊர்க்காரர் “வெளியாட்கள் அதிகமாகிவிட்டார்கள்” என்று சொன்னால் அது பண்பாடா, கூலியா? பிரித்தெடுக்க முடியாது. 2010இல் ராச்டேலில் இப்படிக் கேட்ட மூதாட்டியை அன்றைய லேபர் பிரதமர் கார்டன் பிரவுன் காருக்குள் “வெறுப்புப் புத்திக்காரி” என்ற பொருளில் திட்டியது, கழற்ற மறந்த மைக் வழியே நாடெங்கும் கேட்டது.

ஓட்டு ஒரே நாளில் தாவவும் இல்லை. முதலில் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்: 1997இல் 71 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2001இல் 59க்கு இறங்கியது. பிறகு 2016இல் ப்ரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு. கட்சியை விட்டுப் போகாமலே கட்சித் தலைமைக்கு எதிராக ஓட்டுப் போட வழி கிடைத்தது. ஷயர்ப்ரூக் அடங்கிய போல்சோவர் பகுதியில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். 2019இல் அங்கே 49 ஆண்டு லேபர் எம்.பி.யாக இருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னரும் தோற்றார். அவரே ப்ரெக்ஸிட் ஆதரவாளர்! வேட்பாளரின் கருத்து ஊரோடு ஒத்துப்போனதும் அவரைக் காப்பாற்றவில்லை.

உங்கள் நண்பர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கிடங்கில் சுமை தூக்கும் போலந்துக்காரருக்குப் பொதுத்தேர்தலில் ஓட்டே இல்லை. (காமன்வெல்த் குடிமகன் என்பதால், லண்டனில் வேலைக்குப் போயிருக்கும் கோவைக்காரருக்கு உண்டு.) ஊர் இளைஞர்கள் பலர் ஷெஃபீல்டு, லீட்ஸ் என்று போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் கணிசமானோர் சொந்த வீடும் பென்ஷனும் உள்ள முன்னாள் தொழிலாளர்கள். குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவோம் என்றால் அவர்கள் கைக்கு எதுவும் வராது. பூட்டிக் கிடக்கும் கடைத்தெரு, நின்றுபோன பஸ், தெருவில் கேட்கும் புது மொழி இவைதான் தினமும் கண்ணில் படுகின்றன. கூலிப் பேச்சு எடுபடாமல் போவது அங்கேதான். கிடங்குக்குள் அது இன்றும் எடுபடும், ஆனால் அங்கே ஓட்டு குறைவு.

2024இல் போல்சோவர் லேபருக்குத் திரும்பியது. மறு ஆண்டு மே மாதமே டர்பிஷயர் கவுன்டி கவுன்சில், குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் யூகே கட்சியின் கைக்குப் போய்விட்டது.