படம் ஏன் தட்டித் தட்டி ஓடுகிறது? டிவி வாங்கப் போகிறவர்களுக்குச் சில பதில்கள்

"டிவி வாங்கும்போது இன்ச்சைக் கேட்கிறோம், 4கே-வா என்று கேட்கிறோம், சினிமாவின் நொடிக்கு 24 ஃப்ரேமை ஒழுங்காக ஓட்டுமா என்று யாரும் கேட்பதில்லை" என்று போன வாரம் ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன். அதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

சார், எங்கள் வீட்டில் 55 இன்ச் 4கே டிவி. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சி வந்தால் படம் தட்டித் தட்டிப் போகிறது. இன்டர்நெட் 100 எம்பிபிஎஸ் இருக்கிறது. டிவி பழுதா?

பழுது இல்லை, இன்டர்நெட் மேலும் பழி போடாதீர்கள். நெட் இழுத்தால் நடுவில் வட்டம் சுற்றும், இல்லையென்றால் படம் மங்கும். நீங்கள் சொல்வது வேறு.

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள். உங்கள் டிவி பேனல், அதாவது திரை, நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும். அரை தடவை எதையும் காட்ட முடியாதல்லவா? அதனால் டிவி ஒரு ஃப்ரேமை 3 தடவை, அடுத்ததை 2 தடவை, மறுபடி 3, மறுபடி 2 என்று காட்டுகிறது. அதாவது ஒரு ஃப்ரேம் 50 மில்லி நொடி நிற்கிறது, அடுத்தது 33 மில்லி நொடிதான் நிற்கிறது. படம் நொண்டுகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது தெரியாது. கேமரா ஒரே சீராக நகரும்போதும், கடைசியில் பெயர்கள் மேலே ஏறும்போதும் அப்பட்டமாகத் தெரியும்.

120 ஹெர்ட்ஸ் பேனலில், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிப்பதில், இந்தத் தொல்லை இல்லை. 120-ஐ 24-ஆல் வகுத்தால் 5. எல்லா ஃப்ரேமும் 5 தடவை, தலா 41.7 மில்லி நொடி.

என் அப்பா தியேட்டரில் ஆபரேட்டர். ஃபிலிம் ப்ரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை திரையில் காட்டும், சில மெஷின்களில் மூன்று தடவை. எத்தனை தடவையானாலும் எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே கணக்குதான். அந்தக் கிரீஸ் வாசனை மெஷின் சரியாகச் செய்த வேலையை இன்றைக்குப் பல டிவிகள் செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அண்ணே, நான் பார்த்து வைத்திருக்கும் டிவி அட்டையில் 'மோஷன் ரேட் 240' என்று போட்டிருக்கிறது. அப்போ 120-ஐ விட நல்லதுதானே?

அந்த எண்ணை மறந்துவிடுங்கள் தம்பி. மோஷன் ரேட், ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எண். பேனல் உண்மையில் எவ்வளவு வேகம் என்பது அதில் இருக்காது. 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கு 120 என்று போடுவது சர்வ சாதாரணம். நானே ஏமாந்தவன்தான். பல வருடம் முன்னால் 200 என்று எழுதியிருந்ததை நம்பி ஒன்று வாங்கி, வீட்டில் வந்து சோதித்தால் சாதாரண 60. கடைக்காரரிடம் கேட்டதற்கு "சார், அது சாஃப்ட்வேர் 200" என்றார்.

நீங்கள் தேட வேண்டியது நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட், பேனல் நொடிக்கு உண்மையில் எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் சில கம்பெனிகள் அதே பேனலை 100 ஹெர்ட்ஸ் என்று எழுதுவார்கள், பயப்பட வேண்டாம், அது 120-ம் ஓட்டும். வெளிப் பெட்டிகளை மாட்டும் எச்டிஎம்ஐ 2.1 துளையில் 4கே 120 வாங்கும் என்று இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: டிஎல்ஜி என்று ஒரு சமாச்சாரம். 60 ஹெர்ட்ஸ் 4கே பேனலில் மேலிருந்து கீழாக உள்ள வரிகளைப் பாதியாக்கி 120 என்று விற்கிறார்கள். விவரக் குறிப்பில் 'டிஎல்ஜி' என்ற மூன்றெழுத்தைப் பார்த்தால் அது அசல் 120 இல்லை.

ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் விலை உயர்ந்த வகைத் திரை) என்றாலே 120 என்றும் நினைக்காதீர்கள். எல்ஜி 2021-ல் விட்ட ஏ1 ஓஎல்இடி-தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சில 60 ஹெர்ட்ஸ் டிவிகள் 24 ஃப்ரேம் சிக்னல் வந்தால் பேனலையே 48-க்கு இறக்கிக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக 2 தடவை. படம் பார்க்க அது போதும். எந்த டிவி இப்படிச் செய்யும் என்று அட்டையில் எழுத மாட்டார்கள், போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கடையில் நின்றுகொண்டு எப்படி சார் சோதிப்பது? அங்கே எல்லா டிவியும் அருமையாகத்தான் ஓடுகிறது.

ஓடும். கடையில் ஓடுவது கம்பெனியே எடுத்துக் கொடுத்த டெமோ, பெரும்பாலும் 60 ஃப்ரேம், அதுவும் எல்லா ஜிகினாவும் ஆன் செய்த நிலையில். நீங்கள் பென்டிரைவ் எடுத்துப் போங்கள். அதில் இரண்டு ஃபைல் போதும். ஒன்று, 24 ஃப்ரேமில் உள்ள ஏதாவது படத்தின் கடைசி டைட்டில் ஏறும் பகுதி. டிவியில் மோஷன் சம்பந்தப்பட்ட செட்டிங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை ஓடவிட்டு எழுத்துகளைக் கவனியுங்கள். சீராக ஏறுகிறதா, விக்கி விக்கி ஏறுகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு 24 ஃப்ரேம் டெஸ்ட் வீடியோ, ஃப்ரேமுக்கு ஒரு கட்டம் வரிசையாக வெளிச்சமாகும். போன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரை அரை நொடி ஆக்கி, கை ஆடாமல் ஒரு போட்டோ எடுங்கள். 12 கட்டம் போல வெளிச்சமாக விழும். முதலும் கடைசியும் மங்கலாக இருக்கலாம், விடுங்கள். நடுவில் உள்ளவை எல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தால் அந்த டிவி தேறிவிட்டது. ஒன்று பளிச், அடுத்தது டல், மறுபடி பளிச் என்று மாறி மாறி இருந்தால் அதுதான் 3-2 நொண்டல். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், பணம் நம்முடையது.

ஒன்று கவனம்: பென்டிரைவில் பாஸான டிவி அதன் உள்ளேயே இருக்கும் ஓடிடி ஆப்பில் சொதப்பலாம். முடிந்தால் அதையும் பாருங்கள்.

தம்பி, ஒரு லட்சம் கொடுத்துப் புது டிவி வாங்கினோம். சினிமா எல்லாம் சீரியல் மாதிரி தெரிகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

அக்கா, கொடுக்காதீர்கள், அஞ்சு நிமிட வேலை. டிவி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே தானே ஒரு ஃப்ரேமைக் கற்பனை செய்து சொருகுகிறது. அதனால் படம் வழவழவென்று ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்புக்கு வீடியோ கேமராவில் எடுப்பது நொடிக்கு 50 அசைவு காட்டும், நம் கண் வருடக்கணக்காக அந்த வழவழப்பை சீரியல் என்றும், 24-ஐ சினிமா என்றும் பழகிவிட்டது. அதனால்தான் எவ்வளவு செலவு செய்து எடுத்த படமும் மதியம் ரெண்டு மணி சீரியல் போலத் தெரிகிறது.

செட்டிங்கில் படத்துக்கான பகுதிக்குப் போய், எல்ஜி என்றால் ட்ரூமோஷன், சோனி என்றால் மோஷன்ஃப்ளோ, சாம்சங் என்றால் பிக்சர் கிளாரிட்டி (பழைய செட்டில் ஆட்டோ மோஷன் பிளஸ்), அதை ஆஃப் செய்யுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். 2019-ல் டைரக்டர்கள் சிலரும் டிவி கம்பெனிகளும் சேர்ந்து கொண்டுவந்தது அது. அதற்கு முந்தைய வருடம் டாம் குரூஸே ஒரு வீடியோ போட்டு இதை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினார், அவ்வளவு பேரை எரிச்சல்படுத்திய விஷயம்.

120 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். இன்னும் தட்டுகிறதே?

இது வேறு தட்டல். முன்னது டிவியின் தவறு, இது சினிமாவின் இயல்பு. எல்சிடி-யில் ஒரு ஃப்ரேம் மறைய சற்று நேரம் எடுக்கும், அந்த மங்கல் இடைவெளியை மூடிவிடும். ஓஎல்இடி கண நேரத்தில் மாறி, அடுத்த 41 மில்லி நொடிக்கு அசையாமல் நிற்கும். அதனால் கேமரா பக்கவாட்டில் வேகமாகத் திரும்பும் பேன் ஷாட்டில் படி ஏறுவது போலத் தெரியும். ஒரு பொருள் திரையின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 நொடியாவது ஆக வேண்டும் என்று ஒளிப்பதிவில் ஒரு கணக்கு உண்டு, அதை மீறி எடுத்த ஷாட் தியேட்டரிலும் தட்டத்தான் செய்யும். பொறுக்க முடியவில்லை என்றால் மோஷன் செட்டிங்கில் இந்தத் தட்டலைக் குறைக்கும் டீ-ஜடர் என்பதை 2 அல்லது 3-க்கு மட்டும் ஏற்றிப் பாருங்கள். நான் பூஜ்யத்தில்தான் வைத்திருக்கிறேன், ஆனால் இதில் சண்டை போட மாட்டேன்.

டிவியின் சொந்த ஆப்பில் ஸ்மூத்தாக ஓடும் அதே படம், வெளியே மாட்டிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் தட்டுகிறது.

குற்றவாளி ஸ்டிக்தான். எதைக் கொடுத்தாலும் 60-ஆக மாற்றி வெளியே அனுப்புகிறது, நொண்டல் டிவிக்கு வரும் முன்பே சேர்ந்துவிடுகிறது. ஆப்பிள் டிவியில் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்', ஃபயர் டிவியில் 'மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்', கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் ஆப்பில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்'. இவற்றை ஆன் செய்யுங்கள். படம் தொடங்கும்போது ஓரிரு நொடி திரை கறுப்பாகும், சிக்னல் மாறுகிறது என்று அர்த்தம், பதற வேண்டாம். எல்லா ஆப்பும் இதற்கு ஒத்துழைக்காது என்பது தனிச் சோகம்.

டிடிஹெச்சில் படம் கொஞ்சம் வேகமாக ஓடுவது போல எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா?

50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவது பழைய வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிடம் முன்னதாக முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். காது கூர்மையானவர் போல. ஆனால் பாருங்கள், அசைவு மட்டும் ஒரே சீராக இருக்கும்.

பட்ஜெட் 30 ஆயிரம், 43 இன்ச்.

பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். 48-க்கு இறங்குகிறதா என்று பென்டிரைவ் வைத்துப் பாருங்கள், இறங்கினால் யோசிக்காமல் வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எப்போதாவது ஒரு சின்ன உதறல். முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை இருக்கும்.

கடிகாரம் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 42 நொடிக்கு ஒருமுறை வந்தால் கண்டுபிடித்துவிட்டோம். பல படங்கள் டிஸ்க்கிலும் ஓடிடியிலும் சரியாக 24 இல்லை, 23.976. டிவியில் மாட்டியிருக்கும் உங்கள் ஸ்ட்ரீமிங் பெட்டியோ பிளேயரோ சுத்தமான 24-ல் அனுப்பினால் கணக்கு மெல்ல மெல்லப் பின்தங்கி, அத்தனை நொடிக்கு ஒரு ஃப்ரேம் இரண்டாவது தடவை வரும். பெட்டியின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 24-க்குப் பக்கத்திலேயே 23.976 என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பாருங்கள்.