தீவுக்கு நோய் எப்படி வரும்? தடுப்பூசி பற்றிய கேள்வி பதில்

பதில் எழுதுபவர்: மண்டபம் பகுதியில் தடுப்பூசிப் பெட்டியுடன் ஊர் ஊராக நடந்து ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: நாங்கள் இருப்பது தீவு. கொள்ளைநோய்க் காலத்தில் பாலத்தை மூடினால் போதாதா, அக்கா?

தம்பி, எத்தனை நாள் மூடுவீர்கள்? ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாட வருகிறவர்களும் உங்கள் மீன் ஏறும் வண்டிகளும் அந்த வழிதான். வட அட்லாண்டிக்கில் ஃபேரோ தீவுகள் இருக்கின்றன. 1781-க்குப் பிறகு 65 ஆண்டுகள் அங்கே தட்டம்மையே இல்லை. 1846-இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் வந்து இறங்கினார். சில மாதங்களில் ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். ஆராயப் போன பேனம் என்ற இளம் மருத்துவர் இன்னொன்றையும் கண்டார்: 1781-இல் சிறுவயதில் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. 65 ஆண்டுகள் கழிந்தும் உடம்பு மறக்கவில்லை! நோயில் விழாமலே அந்த நினைவை உடம்புக்குக் கொடுப்பதுதான் தடுப்பூசி.

தங்கச்சிமடம், இளம்தாய்: ஊசி போட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறதே?

வரும். ஒன்றிரண்டு நாளில் தணியும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி அட்டையைத் தொலைக்காதீர்கள்.

தேவிபட்டினம், பெரியவர்: இரண்டு ஊசி போட்டும் எனக்குக் கொரோனா வந்ததே?

நியாயமான கேள்வி, ஐயா. தட்டம்மை வெளிப்படப் பத்து நாள் அளவில் ஆகும். அதற்குள் உடம்பின் நினைவு விழித்து அதை அடக்கிவிடும். கொரோனா சில நாட்களிலேயே மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடுகிறது, உருவத்தையும் மாற்றிக்கொள்கிறது. நினைவு எழுந்து வருவதற்குள் சளியும் காய்ச்சலும் வந்துவிடும். ஆனால் நுரையீரல் கெட்டு உயிர் போகும் நிலையை அது பெரும்பாலும் தடுத்துவிடும்.

தொண்டி, ஐஸ் கம்பெனி நடத்துபவர்: முகாமுக்கு எங்கள் ஐஸை இலவசமாகத் தரட்டுமா?

மனம் பெரியது, ஆனால் வேண்டாம். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். குழந்தைகளுக்குப் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும், உருகினாலும் திரும்பாது. நாங்களே ஐஸ் பொதியை வெளியே வைத்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்ட பிறகுதான் பெட்டியில் அடுக்குவோம்.

ஏர்வாடி, ஆசிரியர்: பெரியம்மை ஒழிந்தது சுத்தத்தால். பெயரை ஊசி தட்டிக்கொண்டது.

1974-இல் பீகாரில் பெரியம்மை ஊர் ஊராகக் கொன்றது. 1975-இல் இந்தியாவின் கடைசி நோயாளி. அந்த ஓராண்டில் பீகார் முழுக்கச் சாக்கடை கட்டிவிட்டார்களா? அதே கிணறு, அதே தெரு. வயிற்றுப்போக்கு போகவில்லை, பெரியம்மை போனது. வீடு வீடாகத் தேடி, நோயாளியைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். தாவ ஆள் கிடைக்காமல் கிருமி மடிந்தது.

அதே ஆசிரியர்: அப்படியானால் சுத்தம் வேண்டாமா?

அப்படி எங்கே சொன்னேன்? காலராவுக்கு நல்ல தண்ணீர்தான் முதல் காப்பு. பெரியம்மை தண்ணீரில் வரவில்லை, மூச்சில் வந்தது.

மண்டபம், கல்லூரி மாணவர்: என் பாட்டியின் கையில் வட்டத் தழும்பு இருக்கிறது. அதுவா?

அதுதான், அம்மை குத்திய தழும்பு. 1980-இல் நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். உங்கள் கையில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. அம்மைத் தழும்பு உங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆசிரியருக்கும் இதுவே என் பதில்.

கீழக்கரை, இல்லத்தரசி: ஊசிக்குப் பின் காய்ச்சல்...

தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

உச்சிப்புளி, தந்தை: ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தால்?

மூன்றாவது முறை. வரும், தணியும். அட்டை பத்திரம்.

மூக்கையூர், மீனவர்: சர்க்கரைக்கு மாத்திரை மாற்றலாமா? திருக்கை முள் குத்தினால் ஊசி வேண்டுமா?

மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். முள்ளுக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி கட்டாயம் வேண்டும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள், வலி குறையும். பிறகு உடனே மருத்துவமனை. ரணஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, காயத்தில்தான் நுழையும். ஊரே ஊசி போட்டிருந்தாலும் நீங்கள் போடாவிட்டால் உங்களுக்குக் காப்பு இல்லை.