வாங்கி வித்துக் காசு கைக்கு வரும்வரை எவ்வளவு? முதலீட்டுச் செலவு பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் ஒரு பங்குத் தரகர் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். காசை எங்கே போடலாம், எதில் கட்டணம் குறைவு என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். எந்தப் பங்கு ஏறும் என்ற கேள்விகளை எடுக்கவில்லை. அது தெரிந்தால் நான் ஏன் இன்னும் பஸ்ஸில் போகிறேன்?

அண்ணே, நாலைஞ்சு தரகர்மாரிட விபரம் எடுத்து வச்சிருக்கன். ஆரிட அப்பில கொமிசன் குறைவு? (ஆரையம்பதி, அரச ஊழியர்)

தம்பி, கொமிசனுக்காக அந்தப் பட்டியலைப் பார்க்கத் தேவையில்லை. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் தொகைக்கு யாரிடம் போனாலும் ஒரே கணக்குத்தான்: வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது திரும்ப 1.12 வீதம். கோடிக்கணக்கில் வாங்குபவர்களுக்குத்தான் பேரம் பேச இடமிருக்கிறது.

50,000 ரூபாவுக்குப் பங்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 560 ரூபா கட்டணம். அதில் தரகருக்கு 320. பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி என்று அரசாங்கத்துக்கு 150. கொழும்புப் பங்குச் சந்தைக்கு 42. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 36. பங்குகளைப் பதிந்து வைத்திருக்கும் சீ.டி.எஸ்.க்கு 12. இது முழுதும் தரகர் அனுப்பும் கொள்வனவுச் சீட்டில் வரிவரியாக இருக்கும். ஒருமுறையாவது அதைத் திறந்து கூட்டிப் பாருங்கள்.

வாங்கிய விலைக்கே விற்றாலும் இன்னொரு 560 போகும். 20 ரூபாவுக்கு வாங்கிய பங்கு 20.46 க்கு வந்தால்தான் போட்ட காசு அப்படியே கைக்கு வரும். 20.30 க்கு வந்ததும் "லாபம்" என்று விற்றால் நட்டம்.

தரகர்மாரை ஒப்பிட வேண்டியது வேறு விடயங்களில். பங்கு வாங்கி விற்கத் தரகர் தரும் அப் எது, ஏட்ராட்டா டிரெக்ட்எப்என்னா, அது உங்கட போனில் ஒழுங்காக வேலை செய்கிறதா? சந்தை காலை 9.30 இலிருந்து பிற்பகல் 2.30 வரை. அந்த நேரத்தில் அழைத்தால் ஆள் எடுக்கிறாரா, தமிழில் பேச ஒருவர் இருக்கிறாரா? விற்ற காசை வங்கிக்கு மாற்றச் சொன்னால் எத்தனை நாள் இழுக்கிறார்கள்? வாங்கிய பங்குக்குக் காசு கட்டப் பிந்தினால் நாள் வட்டி எவ்வளவு? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அந்த வட்டி தரகருக்குத் தரகர் மாறும், கொமிசனை விட அங்கேதான் அதிகம் பறிபோகிறது.

நான் மாசத்துக்கு ஒருக்கா வாங்கி வித்துக்கொண்டு இருக்கன். பெரிசா மிஞ்சுதில்ல. எங்க பிழை? (கல்முனை)

வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு 2.24 வீதம். பன்னிரண்டு சுற்றுக்குப் பெருக்குங்கள்: ஏறக்குறைய 27 வீதம். ஒரு இலட்சத்தை வருசம் முழுக்க இப்படிச் சுழற்றினால் 27,000 ரூபா அளவில் கட்டணமாகப் போகிறது. அதைக் கடந்து உழைக்கிற கைகாரர் இருக்கலாம், நான் வேலை செய்த இடத்தில் அப்படி ஆட்கள் மிகக் குறைவு. அதே பங்கை ஐந்து வருசம் வைத்திருப்பவருக்கு அந்த 2.24 வருசத்துக்கு அரை வீதமும் வராது.

யூடியூப்ல சென்னைக்காரர் சொல்றாங்க, ஸெரோதாவில பங்கு வாங்கி வைக்கக் கொமிசனே இல்லயாம். நம்மளும் அதில கணக்குத் திறக்க ஏலாதா? (செங்கலடி, மாணவி)

ஏலாது மகள். ஸெரோதா ஒரு இந்தியத் தரகர் நிறுவனம். வாங்கி வைத்திருக்கும் பங்குக்கு அங்கே தரகுக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான் (அரசாங்க வரி அங்கும் உண்டு). ஆனால் அது இந்தியர்களுக்கான கணக்கு. பான் என்ற இந்திய வருமான வரி அட்டை வேண்டும், அங்குள்ள வங்கிக் கணக்கு வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டில் முதலீடு செய்யக் காசு அனுப்புவதும் 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் அடங்கும் விடயம், நினைத்தபடி அனுப்ப முடியாது. அந்தக் காணொளிகளில் முதலீடு பற்றிய அடிப்படைப் பாடத்தை எடுங்கள். கட்டணம், வரி, அப் பெயர் வந்தால் தள்ளிவிட்டுப் பாருங்கள். டிமாட் என்று அவர்கள் சொல்வதுதான் நமக்கு சீ.டி.எஸ். கணக்கு. அதைப் பங்குச் சந்தையின் சொந்தக் கைப்பேசிச் செயலியிலேயே அடையாள அட்டையும் வங்கி விபரமும் கொடுத்து வீட்டிலிருந்து திறக்கலாம்.

தரகர் கடையைப் பூட்டிட்டுப் போனா என்ர பங்கு? (அக்கரைப்பற்று)

பங்கு உங்கட பெயரில் சீ.டி.எஸ்.இல் கிடக்கிறது, தரகரின் அலுமாரியில் இல்லை. வேறு தரகருக்கு மாற்றிக்கொள்ளலாம். பங்கு வாங்காமல் தரகரிடம் சும்மா விட்டு வைத்திருக்கும் காசுதான் கவலைக்குரியது. தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

மாரி வெள்ளாமை வெட்டி நெல்லு வித்த காசு அஞ்சு இலட்சம் கிடக்கு. ஐப்பசியில உழவுக்கு, விதைக்கு, பசளைக்கு எடுக்கணும். இடையில ஆஸ்பத்திரிச் செலவும் வரும். எப்.டி. போடவா, யூனிட் ட்ரஸ்ட்டா? (வவுணதீவு, கமக்காரர்)

ஐயா, எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பங்கு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், ஐப்பசியில் சந்தை எப்படி இருக்கும் என்று உழவு இயந்திரக்காரர் காத்திருக்க மாட்டார்.

எப்.டி. என்ற நிலையான வைப்புக்குக் கட்டணம் இல்லை என்று வங்கியில் சொல்வார்கள். முதிர்வு வரை வைத்திருந்தால் சரி. இடையில் உடைத்தால் வட்டியைக் குறைத்துத்தான் தருவார்கள், அதுதான் அதன் கட்டணம். உடைத்தால் என்ன வட்டி என்பதைப் போடும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொரு வழி: ஐந்து இலட்சத்தையும் ஒரே சான்றிதழில் போடாமல் இரண்டு, ஒன்றரை, ஒன்றரை என்று பிரித்துப் போடுவது. ஆஸ்பத்திரிக்கு வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

யூனிட் ட்ரஸ்ட் என்றால் பலரின் காசைச் சேர்த்து ஒரு நிறுவனம் முதலீடு செய்யும் நிதி. அதில் உங்களுக்குப் பொருந்துவது பணச் சந்தை நிதி மட்டும். திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன்), வங்கி வைப்பு மாதிரிக் குறுகிய காலக் கடனில் போடுவார்கள். பெரும்பாலும் உள்ளே போகவும் கட்டணமில்லை, வெளியே எடுக்கவும் இல்லை, கேட்டு ஓரிரு வேலை நாளில் காசு வங்கிக்கு வரும். அதற்காக இலவசம் என்று நினைக்க வேண்டாம். முகாமைக் கட்டணம், நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டணம் எல்லாம் நாளாந்தம் கழித்த பிறகுதான் விலையைப் போடுகிறார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாது. வருசத்துக்கு 1 வீதம் கழிக்கிறார்கள் என்றால் உங்கட ஐந்து இலட்சத்தில் ஆறு மாதத்துக்கு 2,500 ரூபா. அரை வீதம் கழிக்கும் நிதியில் 1,250. இரண்டும் ஒரே மாதிரி உண்டியலில்தான் போட்டிருக்கும், அப்போது ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? நிதியின் விளக்கத் தாளில் செலவு விகிதம் என்று ஒரு எண் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. வங்கி, நிதிக் கம்பனி வைப்புக்கு மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி இருக்கிறது, ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை. யூனிட் ட்ரஸ்ட்டுக்கு அது இல்லை. என் யோசனை: உழவுக் காசை எப்.டி.யில் துண்டாக்கிப் போடுங்கள், ஆஸ்பத்திரிக் காசைப் பணச் சந்தை நிதியில் வையுங்கள்.

பங்கில போடுற யூனிட் ட்ரஸ்ட்டுக்கும் இதே கணக்கா? (அதே ஊர், அவரின் மகன்)

இல்லை. அங்கே இரண்டு விலை இருக்கும்: நீங்கள் வாங்கும் விலை, அவர்கள் திரும்ப வாங்கும் விலை. 30.60 க்கு வாங்கி அன்றைக்கே கொடுத்தால் 30.00 என்றால், கிட்டத்தட்ட 2 வீதம் வாசலிலேயே போய்விட்டது. அதற்கு மேல் வருசக் கட்டணம் தனி. ஒரு இலட்சம் 20 வருசம் 12 வீதத்தில் வளர்ந்தால் 9 இலட்சத்து 64 ஆயிரம். செலவு 2 வீதத்தைத் தின்று 10 வீதமானால் 6 இலட்சத்து 72 ஆயிரம். சந்தை 12 வீதம் தரும் என்று நான் சொல்லவில்லை, அந்த 2 என்ன செய்யும் என்பதற்காகப் போட்ட கணக்கு. மாதம் மாதம் சிறு தொகை போட, பங்குகளைத் தெரிய நேரமில்லாதவருக்கு இது நல்ல வழிதான். வருசக் கட்டணம் குறைந்ததாகப் பாருங்கள்.

பணிக்கொடை வந்திருக்கு. திறைசேரி உண்டியல் வாங்கலாம் என்று மகன் சொல்றான். வங்கியில கேட்டா எப்.டி.தான் நல்லம் எண்டு திருப்பி விடுறாங்க. (களுவாஞ்சிகுடி, ஓய்வு பெற்ற ஆசிரியை)

டீச்சர், அவர்களுக்கு எப்.டி. இலக்கு இருக்கும், குறை சொல்ல முடியாது. உண்டியல் 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. மத்திய வங்கி கிழமைக்கு ஒருமுறை, வழமையாகப் புதனில், ஏலம் விட்டு வட்டியை வெளியிடும். நீங்கள் முதனிலை வணிகரிடமோ (ஏலத்தில் நேரடியாக வாங்கி விற்கும் நிறுவனம்) வங்கியிடமோ வாங்குவீர்கள். கட்டணம் என்று தனியாக ஒன்றும் எழுத மாட்டார்கள். ஏல வட்டி 8, உங்களுக்குத் தருவது 7.5 என்றால் அந்த அரை வீதம்தான் அவர்களின் கூலி. பத்து இலட்சத்தில் வருசத்துக்கு 5,000 ரூபா. ஏலம் முடிந்த மறுநாள் இரண்டு மூன்று இடத்துக்கு அழைத்து "364 நாளுக்கு என்ன வட்டி, ஆகக் குறைந்த தொகை என்ன" என்று கேளுங்கள். 2022 கடைசியில் 91 நாள் உண்டியல் 30 வீதத்தைத் தாண்டிய நாட்களை மனதில் வைத்து ஒப்பிட வேண்டாம், அது நாடு விழுந்து கிடந்த நேரம்.

வாங்கிய மறுகா மத்திய வங்கியின் லங்கா செக்குயர் பதிவில் உங்கட பெயரில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வணிகரின் சொந்தக் கடதாசி மட்டும் போதாது.

எங்களுக்கு வட்டி ஆகாது. செலவு பார்க்கிறது எப்படி? (காத்தான்குடி, வியாபாரி)

காக்கா, வட்டிக்குப் பதில் இலாபத்தைப் பிரித்துத் தரும் முழாரபா வைப்பில் வங்கியும் நீங்களும் இலாபத்தை எந்த விகிதத்தில் பிரிக்கிறீர்கள் என்பதுதான் உங்கட கட்டணம். சென்ற மாதம் என்ன இலாபம் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்காமல் அந்த விகிதத்தையும் கேளுங்கள். ஷரீஆ முறைப்படியான யூனிட் ட்ரஸ்ட்களும் உண்டு. அவற்றில் மேலே சொன்ன இரண்டு விலையும் செலவு விகிதமும் அப்படியே பொருந்தும். மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களிடம்.

தங்கம்? (திருக்கோவில்)

நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. போட்டுக்கொள்ளும் ஆசைக்கு வாங்குங்கள், அதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒரு அப் இருக்கு, கட்டணம் ஒரு சதமும் இல்ல. டொலர்ல நாள் லாபம். ஆள் சேர்த்தா இன்னும் கூட. கூட்டாளிமார் எடுத்திருக்காங்க. (வாழைச்சேனை)

எம்.டி.எப்.இ. என்ற அப்பும் இப்படித்தான் வந்தது. 2023 ஆகஸ்ட்டில் காசு எடுக்க முடியாமல் போனது, மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டமாக அறிவித்தது. வங்கித் தொழிற் சட்டத்தின் 83சி பிரிவின்படி ஆள் சேர்ப்பவரும் குற்றவாளி. உங்கட கூட்டாளிக்கு வந்த காசு உங்களைப் போல் அடுத்தவர் போட்டது. கொமிசன் எடுக்காத தரகருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். உரிமம் உள்ளவர்களின் பெயர் மத்திய வங்கியின் தளத்திலும் ஆணைக்குழுவின் தளத்திலும் கிடக்கிறது, பார்க்க அஞ்சு நிமிசம்.

வட்டியில 10 வீதம் வெட்டிட்டாங்க. இதுவும் கட்டணமா? (சம்மாந்துறை)

அது வரி. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 5 வீதம் 10 ஆனது. எப்.டி.க்கும் உண்டியலுக்கும் ஒன்றுதான், ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். பங்கிலாபத்தில் வெட்டுவது 15 வீதம். வருச வருமானம் எல்லாம் சேர்த்து 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து வட்டிக்கான வெட்டை நிறுத்தலாம். டின் என்ற வரி செலுத்துவோர் இலக்கத்தை முதலே எடுத்து வையுங்கள். வரி வருசம் ஏப்ரலில் தொடங்குகிறது, படிவம் ஒவ்வொரு வருசமும் புதிதாகக் கொடுக்க வேண்டும், இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டு இடத்திலும்.