சானிடைசர் போட்டும் வாந்திபேதி வீட்டைச் சுற்றுகிறதா?

சானிடைசர் போட்டும் வீட்டில் நாலு பேருக்கும் வாந்திபேதி வந்துவிட்டது, கை துடைக்க எல்லாருக்கும் ஒரே ஈரத் துண்டுதான் என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். வாந்திபேதிக்கு சானிடைசரை நம்பாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். நீங்கள் சொன்னபடி நாலு பேருக்கும் ஒருவர் மாற்றி ஒருவராக வந்திருந்தால் நோரோவைரஸாக (வாந்திபேதியைச் சட்டென்று பரப்பும் ஒரு வைரஸ்) இருக்கலாம். அது ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது. 20 விநாடி நுரைக்கத் தேய்த்தால் தண்ணீரோடு போய்விடும். வெந்நீர் தேவையில்லை.

எனக்கு உறுத்துவது, எல்லாரும் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஈரத் துண்டு. முதலில் அதை எடுத்துவிட்டு ஆளுக்கொன்று மாட்டுங்கள்.

பிள்ளைகள் ஒழுங்காகக் கழுவுகிறார்களா என்று பார்க்க: துளி தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துக் கையில் பூசி, வழக்கம்போல் கழுவச் சொல்லுங்கள். என் மகளுக்கு உள்ளங்கை பளிச், கட்டைவிரல் அடியிலும் நகக்கண்ணிலும் மஞ்சள் திட்டுத்திட்டாக அப்படியே! (யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.)

நோய் வந்தவர் பேதி நின்றபின்னும் 2 நாள் சமையலில் கைவைக்க வேண்டாம்.

ஆனால் குடிதண்ணீரே கெட்டிருந்தால் கை கழுவி மட்டும் தீராது, கொதிக்கவைத்துக் குடியுங்கள். பேதியில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை வெகுநேரம் சிறுநீர் போகாவிட்டாலோ பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். வழியிலேயே ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.